சத்திரத்துச் சுவரில் ரயிலடி

எங்காவது கதவுக்குப் பெயின்ட் அடிக்கிற வாசனை வந்தால் இன்னும் நான் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். காரணத்தை எழுத வேண்டும் என்று நினைத்து, அம்மா மனம் நோகுமோ என்று பயந்து, அவள் போன பிறகும் பல வருஷம் தள்ளிப்போட்டு, இப்போதுதான் முருகன் விட்ட வழி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. யுத்த சமயத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால், நான் தொட்டிலில் கிடந்தபோது, பட்டாளத்து லாரி ஓட்ட அந்த ரயிலேறிப் போன அப்பா திரும்பவில்லை. செத்தார் என்று தபாலும் வரவில்லை. ஐம்பதுகளில், நான் பாவாடை கட்டித் திரிந்த வயதில், சத்திரத்துச் சுவர் முழுக்கப் பழைய ‘ரயிலடி’யையும் ஊரையும் வரைய சேலத்திலிருந்து ஓர் ஓவியர் வந்தார். ஊரார் போட்டோ கொண்டுவந்து கொடுத்து, செத்துப்போன தங்கள் மனிதர்களையெல்லாம் பிளாட்பாரத்தில் நிறுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் சுவருக்குச் சூடம் காட்டவும் ஆரம்பித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் அம்மாவுக்குச் சொல்லாமல் அப்பாவையும் சேர்த்துவிட்டார் பெரியப்பா. போட்டோவில் சாம்பலாய் இருந்த அப்பாவுக்கு அங்கே மாநிறமும் வெற்றிலைச் சிவப்பில் உதடும் இருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் அங்கே போய் நின்றேன்.

விஷயம் தெரிந்து அம்மா கேட்டபோது பெரியப்பா அழுதார். “இன்னும் எத்தனை வருசம்மா அவனுக்குப் படையல் போடாம உடறது? அங்க பசியோட நிக்கறானோ என்னமோ.”

“பசிக்குதுன்னு உங்க கனவுல வந்து சொன்னாரா, மாமா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே.”

என்னையும் கூட்டிக்கொண்டு சத்திரத்துக்குப் போன அம்மா, வெகுநேரம் பார்த்துவிட்டு ஓவியரிடம் சொன்னாள்: “ஜாடை அப்படியே இருக்குதுங்க. அதான் பயமா இருக்குது. இவர எடுத்துருங்க.”

“எடுத்தா அந்த எடம் மொட்டையாத் தெரியும்மா. ரயிலப் பாத்தாப்பல திருப்பி உட்டுடட்டுமா? முதுகுக்கு எவனும் சூடம் காட்டமாட்டான்.”

அம்மா தலையசைத்தாள். என் கண் முன்னாலேயே அந்த முகத்தின்மேல் கறுப்புத் தலைமுடி ஏறியது. நான் தேம்பி அழ, “நேர்லயே பாத்துக்குவ, கண்ணு,” என்று இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ரோட்டை அகலப்படுத்தியபோது சத்திரத்தை இடித்தார்கள், சுவரும் போயிற்று. அம்மா நெற்றிப் பொட்டோடு போய்ச் சேர்ந்தாள். ஆடி அமாவாசைக்கு அவளுக்கு ஓர் இலை போடுகிறேன். அப்பா இருந்தாலும் நூறு வயது தாண்டியிருக்கும். ஆனாலும் இன்னோர் இலை போடக் கை வரவில்லை. பெரியப்பா சொன்னதுபோல அவர் பசியோடு நிற்கிறாரோ என்று முருகனிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோபத்தில்தான் அப்பா முகத்தை அம்மா அழிக்கச் சொன்னாள் என்று உறவில் சிலர் பேசுகிறார்கள். கோபமில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வீர்களானால் இருந்தபடியே சொல்லுங்கள்; அப்பா செத்தார் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அம்மா அதைச் சொல்லவே இல்லை.