கல்ஹாத்: பாண்டியனின் குதிரைகள் கப்பலேறிய கரை

போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நானும் முருகேசன் அண்ணாச்சியும் கல்ஹாத்துக்குப் போனோம். ஓமானில் சூர் நகருக்குச் சற்று முன்னால், கடலை ஒட்டிப் பாழடைந்து கிடக்கும் பழைய துறைமுகம் அது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்தும் குதிரைகள் பாண்டிய நாட்டுக்குக் கப்பலேறின. அவை போய் இறங்கிய காயல் துறைமுகம்தான் அண்ணாச்சிக்குச் சொந்த ஊர்.

மஸ்கட்டில், ரூவியில், பதினொரு வருடம் ஒரே அறையில் இருந்தோம். நான் ஏசி மெக்கானிக். அவர் வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு சைட்டில் கம்பி கட்டுபவர். விடுமுறை மதியங்களில் மீன்குழம்பு கொதிக்கும்போது, குலசேகர பாண்டியனின் பிள்ளைகள் இருவரும் அரியணைக்காக அடித்துக்கொண்ட கதையைத் தொடங்குவார். அறையில் இருந்த ஆறு பேரும் அப்படியே உட்கார்ந்துவிடுவோம். ஒருமுறை குழம்பு அடிபிடித்தே போனது.

கல்ஹாத்தைப் பார்க்க வேண்டுமென்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இருவருக்கும் சேர்ந்து லீவு அமையவில்லை. இந்த முறை தள்ளிப்போட வழியில்லை. அவருடைய கான்ட்ராக்ட் முடியவிருந்தது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி கம்பெனி கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

காலை 5.40க்குக் கிளம்பினோம். வாடகைக் கார் ஒரு நாளைக்கு 12 ரியால், பெட்ரோல் 5 ரியால். வழியில் குரியாத்தில் பரோட்டாவும் டீயும். சுமார் 170 கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். வழியெல்லாம் அண்ணாச்சி ஒரே பேச்சைத்தான் திருப்பித் திருப்பிப் பேசினார். "அம்பது வயசுல ஊர்ல போயி என்னத்த செய்ய தம்பி? மகளும் பத்தாவது வந்துட்டா. என்னய போன்லதான் பாத்திருக்கா."

எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தால், கேட் பூட்டியிருந்தது. காவலுக்கு இருந்த வயதான ஓமானி கையை விரித்தார். "அந்தர் மாஃபி, பாய்." உள்ளே அனுமதியில்லை.

அண்ணாச்சி அரபியும் இந்தியும் கலந்து கெஞ்சினார். இங்கிருந்து குதிரை போன ஊர் என் ஊர் என்று, கையால் கப்பலும் குதிரையும் வரைந்து காட்டினார். காவலர் சிரித்துவிட்டார். தன் தாத்தாவும் மரக்கப்பலில் மலபார் போனவர் என்றார். கேட்டைத் திறக்கவில்லை; ஆனால் வேலியை ஒட்டிக் கடற்கரைக்கு இறங்கும் பாதையைக் காட்டினார். "யல்லா, போய்ப் பாருங்கள்" என்று அரபியும் இந்தியுமாகச் சொன்னார்.

கூழாங்கல் கரை. மேலே, தூரத்தில், பீபி மர்யமின் கல்லறை மட்டும் கூரை இடிந்து நின்றது. இந்த ஊரை ஆண்டவள் என்கிறார்கள். அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமா ராசாக்க பேரயே சொல்லிட்டிருந்தேன். குதிரைக்குத் தண்ணி காட்ட, சாணி அள்ள, கப்பல்ல ஒருத்தன் கூட வந்திருப்பாம்லா? அவன் திரும்பி வந்தானா, வீட்டுல யாரும் காத்துக் கெடந்தாவளா, ஒருநாளும் யோசிச்சதில்ல தம்பி."

ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிந்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருசம்னா மக பன்னெண்டாவது முடிச்சி காலேஜுக்குப் போயிருவா. போதும். கலாஸ், முடிஞ்சிட்டு."

ஞாயிற்றுக்கிழமை அதையே கம்பெனியிலும் சொன்னார். மார்ச்சில் ஊர் போய்விட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: இடம் திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நிழல் கிடையாது; ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அடி தடித்த செருப்பு அவசியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். திரும்பும்போது சூரில் மரக்கப்பல் கட்டும் பட்டறையையும் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை, அண்ணாச்சிக்கு அறைக்குத் திரும்பிப் பெட்டி கட்டும் அவசரம்.

போன வாரம் பேசினார். சிமெண்ட் கடையில் வேலை, இங்கே வாங்கியதில் பாதிச் சம்பளம். "மக எங்கூட தெனமும் சண்ட போடுதா தம்பி" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.