இருபத்தெட்டாவது காய்

லெமாரை வெளியே அனுப்பியது பள்ளி அலுவலகம்தான். வழி செய்து கொடுத்தவள் நான். முப்பத்தொரு வருடமாக பால்டிமோரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். நல்லது செய்யப் போய் ஒருவன் ஆசையில் மண்ணைப் போட்டது அதுதான் முதல் தடவை.

லெமார் ஹாட்சருக்கு இருபது வயது. மாலையில் நண்டுக் கடையில் வேலை. காலையில் சம்பளமில்லாமல் எங்கள் வகுப்புக்கு வந்து, தரையில் உட்கார்ந்து எழுத்தும் எண்ணும் சொல்லித்தருவான். தங்களைப் போன்ற கறுப்பு வாத்தியாரைக் கண்டிராத பிள்ளைகள் அவன் தோளில் ஏறாத குறைதான். எவ்வளவு கழுவினாலும் அவன் கையில் மசாலா வாசனை போகாது.

“கையில நண்டு வச்சிருக்கீங்களா?” என்பான் ஐந்து வயது ஒமாரி.

“ஆமா. தப்பா எண்ணினா கடிக்கும்.”

ஒமாரி வேறு யாரிடமும் வாய் திறக்கமாட்டான். அவனுக்குப் புள்ளி போட்ட டோமினோ ஆட்டக் காய்களை வைத்துத்தான் எண்ணக் கற்றுத்தந்தான் லெமார். பெட்டியில் இருபத்தெட்டுக் காய். கிளம்பும்போது ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

“இது இல்லாம ஆட்டம் நடக்காது. அப்ப நான் வந்துதானே ஆகணும்?”

அவனை விட்டுவிடக்கூடாதென்று, சம்பளமுள்ள உதவியாளர் வேலைக்கு நானே அவன் பெயரைக் கொடுத்தேன்.

“மிஸ் வெர்லீன், நான் இப்படியே இருந்துட்டுப் போறேனே” என்றான்.

“வாயை மூடிட்டுக் கையெழுத்தப் போடு.”

அந்த வேலைக்குக் கைரேகை எடுத்து, பழைய வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். பதினாறு வயதில், பெரியம்மா மகன் ஓட்டிய திருட்டுக் காரின் பின்சீட்டில் இவன் இருந்த வழக்கு வெளியே வந்தது. இனிப் பள்ளி வாசலை மிதிக்கக்கூடாது என்றார்கள். இப்படி ஆகும் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. என்னிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான் பாவி.

ஒமாரி கலங்கவில்லை. தினமும் எண்ணுவான். இருபத்தேழு.

“ஒண்ணு அவருகிட்ட இருக்கு. வந்துடுவாரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியை மூடுவான். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

மூன்றாம் வாரம் தபாலில் அந்தக் காய் வந்தது. பள்ளிப் பொருள் தன்னிடம் இருக்கக்கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தான். மேசைமேல் வைத்துவிட்டு அழுவதற்காக வெளியே போனேன். திரும்புவதற்குள் ஏதோ ஒரு பிள்ளை அதை ஒழுங்காகப் பெட்டியில் சேர்த்துவிட்டிருந்தது.

ஒமாரி எண்ணினான். கலைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.

“இருபத்தெட்டு” என்றான். “அப்ப அவரு வரமாட்டாரு.”

கணக்கு சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தான். சரிதான் என்று தலையை ஆட்டினேன்.