நாற்பது நாள் டீ இல்லாமல்

போன வருஷம் லெந்து என்கிற தவக்காலத்தில் நான் பாகற்காயைத் தியாகம் செய்தேன். அதற்கு முந்தைய வருஷம் கருவாடு. இரண்டையும் நான் ஜென்மத்தில் விரும்பிச் சாப்பிட்டதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும் பிரியமான ஒன்றை ஆண்டவருக்காக விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து சர்ச்சில் வழக்கம். இருப்பதோ கொஞ்சம் குடும்பங்கள். யாருக்கு எது தொண்டையில் இறங்காது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் யாரையும் கேட்பதில்லை.

இந்த வருஷம் லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனையில் பாஸ்டர் என்னை நேராகப் பார்த்தே பேசினார். "வேண்டாததை ஆண்டவருக்குக் குடுத்தா அதுக்குப் பேரு காணிக்கை இல்ல, குப்பை கொட்டுறது" என்றார். சபையே சிரித்தது. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் ஓடும், மூளை பின்னால் நொண்டிக்கொண்டு வரும். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, "இந்த நாப்பது நாளும் நான் டீ குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பு நின்றுபோனது. டீதான் எனக்கு உயிர் என்பது ஊருக்கே தெரியும். ஒரு நாளைக்கு ஏழெட்டு கப் குடிப்பேன். பிழைப்பும் அதிலேதான். தோட்டத்துத் தொழிற்சாலையில், வறுத்து வரும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் மேசையில் இருபது வருஷமாக நிற்கிறேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவி மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்காகப் பாவப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் வேலை செய்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கொழுந்து வெட்டிவிட்டு வர மணி நாலாகும், நானும் அப்போதுதான் வருவேன். இஞ்சி தட்டிப் போட்டு அவள் டீ கொண்டுவருவாள். லயத்து வரிசை வீட்டுப் படியில் உட்கார்ந்து குடிப்போம். நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்து பேசுவது அந்த அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அரிசி முடிந்துவிட்டது, கேஸ் தீர்ந்துவிட்டது என்கிற பேச்சுதான்.

முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. மேசையில் இன்னொரு சிக்கல். ருசி பார்ப்பது என்றால் ஒரு கரண்டி டீயைச் சத்தமாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட வேண்டும். இது விரதத்தை முறிக்குமா என்று பாஸ்டருக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"வேலைக்காக வாயில வைக்கிறது தப்பில்ல" என்றார். "ஆனா துப்புறதுக்கு நீங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கிறீங்கன்னு ஆண்டவருக்குத் தெரியும் லா."

அன்றிலிருந்து நாக்கைச் சுட்டுக்கொண்டவன் மாதிரி படக்கென்று துப்பினேன்.

ஆனால் நாலு மணி இஞ்சி வாசனையை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாளிலிருந்து வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்து ஜெபம் செய்தேன். டீயையும் விட்டாயிற்று, ஆண்டவருக்கு நேரமும் கொடுத்தாயிற்று, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்குள் ஒரே பெருமை. இருட்டும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்து, சிடுசிடுவென்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

பக்கத்து வீட்டுக்காரர் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். ஒரு நாள் வேலியோரம் என்னை நிறுத்தினார். "அண்ணே, நானும் வருஷா வருஷம் விரதம் இருக்கிறவன்தான். வாயத்தான் கட்டணும், மூஞ்சியக் கட்டக் கூடாது லா" என்றார். உபவாசிக்கும்போது முகத்தை வாடவிடாதே என்று ஆண்டவர் இயேசு மலைமேல் உட்கார்ந்து சொன்னதும் ஏறக்குறைய அதேதான். எனக்கு உறைக்கவில்லை. இந்துக்காரருக்கு லெந்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

நாலாவது ஞாயிறு மத்தியானம் சமையலறையில் டீத்தூள் டின்னை எடுத்தேன். குடிக்கத்தானே கூடாது, முகர்ந்து பார்க்கக் கூடாது என்று பாஸ்டர் சொல்லவில்லையே. மூடியைத் திறந்தால் டின் ஏறக்குறைய நிறைந்திருந்தது. சாம்பல் புதனுக்கு முதல் நாள் நான் நிரப்பி வைத்ததில், அந்த முதல் இரண்டு நாள் அவள் போட்டது போக மிச்சமெல்லாம் அப்படியே இருந்தது. எங்கள் வீட்டில் அந்த டின் பத்து நாள் தாங்காது.

"நீயும் டீ குடிக்கிறதில்லையா?" என்றேன்.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தனியா உக்காந்து யாரு குடிப்பா?" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்பச் சொல்றது? நாலு மணிக்கு நீங்க சர்ச்சுல. அப்புறம் வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க."

அப்போதுதான் கவனித்தேன். கத்தி அவளுடைய இடது கையில் இருந்தது. ஏன் என்று கேட்டதும் எழுந்து போய், அலமாரியில் சேலைக்கு அடியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து வந்தாள். கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்துப் பிடித்து வலது கை விரல்கள் மரத்துப்போயிருக்கின்றன. தனியாக பஸ் ஏறி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். மணிக்கட்டில் சின்ன ஆபரேஷன் செய்ய வேண்டும், ஈப்போவுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நாளும் குறித்தாயிற்று, ஈஸ்டருக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

"பயமா இருக்குங்க" என்றாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆண்டவருக்கு டீயைக் கொடுத்துவிட்டதாக நான் சொல்லித் திரிந்தேன். கொடுத்தது எங்கள் அரை மணி நேரத்தை. அதில் பாதி அவளுடையது, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்று சொல்வார்கள். கிறிஸ்தவனும் அதைச் செய்வான் போலிருக்கிறது.

மறுநாள் நாலு மணிக்குப் படியில் இருந்தேன். பொருத்தனை பொருத்தனைதான், அதை முறிக்கவில்லை. அவள் கையில் டீ, என் கையில் வெந்நீர். நான்கு வாரப் பேச்சு அவளிடம் சேர்ந்து கிடந்தது. வாய் திறக்காமல் கேட்டேன். டீயை விடுவதைவிட, அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய விரதமாக இருந்தது. ஜெபத்தையும் அங்கேயே, கப் ஆறுவதற்குள் இரண்டு பேருமாகச் செய்து முடித்தோம். ஆண்டவர் லயத்துப் படிவரைக்கும் இறங்கி வருவார் என்பது எனக்கு அதுவரை தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் எல்லாரும் எனக்கு டீ நீட்டினார்கள். வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, கட்டுப் போட்ட கையோடு அவளைப் படியில் உட்காரவைத்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக நானே டீ போட்டேன். இஞ்சி அதிகம். கொதித்ததும் அதிகம். பாலைக் கொட்டியும் கசப்புப் போகவில்லை. என் மேசைக்கு அது வந்திருந்தால் நாக்கில் பட்டதுமே துப்பியிருப்பேன்.

அவள் இடது கையால் கப்பை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள். முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"துப்பிடு, பரவால்ல" என்றேன்.

அவள் துப்பவில்லை. மெல்ல விழுங்கினாள். "அடுத்த வருஷம் நீங்க பாகற்காயையே விட்டுடுங்க" என்றாள். பிறகு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கப்பை என்னிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"