கிராணி போட்ட மூன்றாவது கோடு

கிளப்பில் கணக்கெழுதிய கிராணியை நினைத்தால் அவர் முகத்துக்கும் முன்பாக அவரது சட்டைப் பையில் செருகியிருந்த ஆறங்குல ஸ்கேல்தான் நினைவுக்கு வருகிறது. கோடு போடாமல் ஓர் எண்ணைக்கூட எழுத மாட்டார் மனிதர். எண்பதுகளில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் கிளப்புக்கு, காசு போட்டால் திரையில் ஐந்து சீட்டு விழும் போக்கர் மெஷின்கள் புதிதாக வந்திருந்தன. சின்னத் தொகை என்றால் மெஷினே காசைக் கொட்டிவிடும். பெரிய தொகை விழுந்தால் மணியடித்துப் பூட்டிக்கொள்ளும். கிளப் கட்டும் வரிக்காகக் கிராணி ஒரு படிவம் நிரப்பி, இரண்டு கமிட்டிக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகே பணம் வரும், மெஷினும் திறக்கும். அவர் எழுதும் வேகத்துக்கு ஆமையே முந்திவிடும் என்று கேலி செய்வோம்.

நான் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். உட்லண்ட்ஸில் வீடு வாங்க என் மனைவி துணி தைத்துச் சேர்த்த பணம் முழுவதையும் அவளுக்குத் தெரியாமல் அந்த மெஷினுக்குக் கொடுத்திருந்தேன். வீட்டுக்குப் பணம் கட்ட இரண்டே வாரம் இருந்தது. கிராணியிடம் ஒருநாள் இதைச் சொல்லிப் புலம்பியும் இருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மாலை நான்கு ஏஸும் சேர்ந்து விழுந்தன. விட்டதெல்லாம் ஒரே ஆட்டத்தில் திரும்பிவிட்டது. புத்தியுள்ளவன் எழுந்து போயிருப்பான். எனக்கோ அதை இரட்டிப்பாக்க வேண்டும்.

“சீக்கிரம் எழுதுங்கண்ணே, கை ராசியா இருக்கு” என்றேன்.

அவர் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். படிவத்தோடு உள்ளே போனவர் கால் மணி நேரம் கழித்து வந்தார்.

“கமிட்டி ஆளுங்க கெளம்பிட்டாங்க லா, தம்பி. நாளைக்குப் பூசை முடிஞ்சு நானே வந்து ஆபீஸத் தொறக்குறேன். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. வரிக் கணக்குக்கு அவங்க கையெழுத்தும் வேணும்.”

எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கேவலமாகப் பேசினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவர் ஸ்கேலைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

மனைவியைக் கூட்டிப் போவதென்றால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அன்றிரவே சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “எவ்வளவு?” என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவள் கையெழுத்துப் போட்டபோது நான் வாசலில் முறைத்துக்கொண்டு நின்றேன். பணத்தையும் படிவத்தின் எங்கள் பிரதியையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பணத்தில் வாங்கிய வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம்.

இப்போதெல்லாம் மெஷின்கள் கண்ணிமைப்பதற்குள் கணக்கை முடித்துவிடுகின்றனவாம். போன மாதம் அலமாரியில் எதையோ தேடும்போது அந்தப் படிவம் கிடைத்தது. கையெழுத்துக்கென்று அச்சடித்த கோடுகள் இரண்டுதான். கமிட்டிக்காரர்கள் இருவரும் அந்தச் சனிக்கிழமையே கையெழுத்திட்டுத் தேதியும் போட்டிருந்தார்கள். அவற்றுக்குக் கீழே, பேனாவால் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு. அதன்மேல் மனைவியின் கையெழுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதரிடம் நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது.

படிவத்தை மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடக்கூட இல்லை அவள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும். நான் கையெழுத்துப் போடுறப்போ கோட்டுல மை காயவே இல்ல.”