மீன் குழம்பு இல்லாத ஞாயிறு

நடந்தவை, வரிசைப்படி:

1. டிப்ளமோ கடைசி வருடத்தில் வெள்ளிமலை பஸ்ஸில் நான் வாந்தி எடுத்தேன். கூடப் படித்தவள் பிளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டாள்.
2. அதற்குப் பிறகு நான் போனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினேன்.
3. எனக்கு ஒரு பையனோடு பழக்கம் என்று அம்மா முடிவு செய்தாள்.
4. பையன் யார் என்று கண்டுபிடிக்க ஓர் ஆளை வைத்தாள்.
5. அந்த ஆள், கவரைப் பிடித்தவள்தான்.

நாங்கள் இருவரும் கள்ளக்குறிச்சியில் எலெக்ட்ரிகல் படித்தோம். வகுப்பில் பெண்கள் குறைவு, அதனால் ஒரே பெஞ்ச். எங்கள் வீடு உளுந்தூர்பேட்டைப் பக்கம். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். அவளுக்குக் கல்வராயன் மலை. ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஒரு விடுமுறைக்கு என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். வளைவுகள் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் கவரைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, "இன்னும் வருமா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அடுத்த கவரை விரித்து மடியில் தயாராக வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். எங்கள் இருவருக்கும் அப்போது பதினெட்டு வயது. இவளோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் அவர்கள் வீட்டு மரவள்ளிக் காட்டு ஓரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன்.

"உன்னப் பாத்தா ஒரு மாதிரி இருக்குடி."

"பஸ்லயும் அதத்தான் சொன்ன."

"இது வேற."

ஒரு கிழங்குச் செடியின் இலையைக் கிள்ளினாள். "எனக்கும்தான். ஆனா எனக்கு வாந்தி வர்ல" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் காதலைச் சொல்லிக்கொண்டது இவ்வளவுதான்.

போனைப் பார்த்துச் சிரித்தது அம்மா கண்ணில் பட்டது. ஒருநாள் நான் குளிக்கப் போன நேரத்தில் போனை அப்பாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அவர்கள் பேசியது குளியலறைக் கதவுக்கு உள்ளேயே எனக்குக் கேட்டது.

"எல்லாம் அந்த மலைப் பொண்ணுகிட்ட பேசனதுதான்மே. சாப்ட்டியா, தூங்குனியான்னு கீது."

"அப்ப யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா.

மலைக்காரர்களுக்குப் பொய் சொல்ல வராது என்பது அம்மாவின் நம்பிக்கை. அவளை வரச்சொல்லி, "ஹாஸ்டல்ல இன்னா சோறு போடப் போறானுங்க. வாரா வாரம் இங்க வந்துடும்மா" என்றாள். அதன்பிறகு எல்லா ஞாயிறும் மீன் குழம்பு. சாப்பாட்டின் நடுவில் விசாரணை.

"பஸ்ல யாராவது இவகிட்ட பேசறானா?"

"கண்டக்டர் பேசுவாரும்மா."

"இன்னா பேசறான்?"

"உள்ள போ, உள்ள போன்றாரு."

அம்மா இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கண்டக்டர் பேரப்பிள்ளை எடுத்தவர் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளும்வரை அவர்மேல் சந்தேகம் இருந்தது.

பையன் கிடைக்காததில் அம்மாவுக்கு நிம்மதி வரவில்லை. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறாளே என்று பயம்தான் கூடியது. நைனார்பாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் மனதில் வேறு யாரும் இல்லையே என்று மட்டும் அவர்கள் கேட்டார்கள். இல்லை என்று உறுதியாகச் சொன்னால் வரும் வெள்ளிக்கிழமையே வந்து பூ வைத்துவிட்டுப் போவதாகப் பேச்சு.

அந்த ஞாயிறு அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே மோப்பம் பிடித்தாள்.

"மீன் இல்லியாம்மா?"

"சாம்பார்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கவிச்சி சமைத்த வீட்டில் அன்றைக்குச் சத்தியம் வாங்க மாட்டார்கள். சாம்பார் என்றால் என்ன என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் தட்டை வைத்து, கற்பூரத்தை ஏற்றினாள்.

"இவளுக்கு எந்தப் பையனோடயும் பழக்கம் இல்லன்னு அணைச்சிடும்மா. நீ அணைச்சா நான் நம்பிடுவேன்."

உண்மையில் பையன் இல்லை. அவள் உள்ளங்கையால் தட்டி அணைத்திருந்தால் பொய்ச் சத்தியம் ஆகாது. ஆனால் வெள்ளிக்கிழமை பூ வைத்துவிடுவார்கள். அணைக்காவிட்டால் என் படிப்பு அன்றோடு நிற்கும், அவளும் இந்த வீட்டுப் படி ஏற முடியாது. எது பரவாயில்லை என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பையன் யாரும் இல்லம்மா. ஆனா அணைக்க மாட்டேன்."

"இல்லன்னா அணைக்க வேண்டியதுதான?"

"அணைச்சா உங்கள ஏமாத்தன மாதிரி ஆயிடும்."

"பின்ன யாருதான்?"

இதற்கு அவள் பதில் சொல்வது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

"இவதாம்மா" என்றேன்.

"இவ இன்னா?"

"போன்ல இவகிட்ட பேசித்தான் சிரிச்சேன். எனக்கு இவளத்தான் புடிச்சிருக்கு. கல்யாணம்லாம் வாணாம்."

கற்பூரம் எரிந்து தானாக அணைந்தது. அம்மா என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினாள்.

"வாரா வாரம் உனக்கு மீன் போட்டேனே."

"நல்லா இருந்துச்சும்மா."

அப்பா வாசற்படியில் மோட்டார் ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது கூத்தாண்டவருக்கு வேண்டிக்கொண்டவர் அவர். அந்த வேண்டுதலுக்காகச் சில வருடங்கள் சித்திரைத் திருவிழாவில் சாமிக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்துவிட்டு வீடு திரும்பி, வழக்கம்போல் கரும்புக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறார். எங்கள் பக்கம் பல ஆண்கள் இதைச் செய்வார்கள்.

"ஊரு இன்னா சொல்லும்?" என்று அம்மா அவரைக் கேட்டாள். "பொம்பளைக்குப் பொம்பளையா?"

"நான் சாமிக்குத் தாலி கட்டிக்கினப்ப ஊரு இன்னா சொல்லிச்சு?"

"அது வேண்டுதல்."

"இவ நல்லா இருக்கணும்னுதான வேண்டிக்கினேன்." ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு கொஞ்ச நேரம் வேலை பார்த்தார். பிறகு அதை எடுத்துவிட்டு, "சோத்தப் போடுமே. அந்தப் பொண்ணு பஸ் புடிக்கணும்" என்றார்.

அவர் ஏற்றுக்கொண்டார் என்று நான் நினைத்தது அவசரம். அதன்பிறகு கரும்பு வெட்டு முடியும்வரை என்னிடம் பேசவில்லை. ஆனால் படிப்பை நிறுத்தவும் இல்லை. நைனார்பாளையத்துக்காரர்களிடம் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர்கள் கற்பூரம் ஏற்றிக் கேட்கவில்லை.

இப்போது சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் பேனல் போர்டுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் சோலார் பம்பு மாட்டும் வேலைக்குப் போகிறாள். கள்ளக்குறிச்சியில் வாடகை வீடு. அவள் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அண்ணன் கல்யாணம் முடியட்டும் என்கிறாள். அப்பா போனில் "ரெண்டு பேரும் சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அம்மா எப்போதாவது தூக்குச்சட்டியில் மீன் குழம்போடு வருவாள். எங்களைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. மீன் தலைத்துண்டை அவளுக்கு வைப்பாள். எனக்கு வரன் பார்ப்பது நின்றுவிட்டது.