ரெஸ்ட் எடு, மாப்ள

ஏணி என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள். கூடைப்பந்து ஆடிச் சம்பளம் வாங்கிய காலத்தில் வைத்த பெயர். வளையத்துக்குக் கீழே நின்று அவர் கையைத் தூக்கினால், எதிரணிக்காரன் பந்தோடு வேறு வழி பார்ப்பான். முழங்கால்கள் தகராறு செய்யத் தொடங்கியதும் எல்லாம் போயிற்று. அன்றைய மேலாளர், ஒரு வழுக்கைத் தலைக்காரர், உடை மாற்றும் அறையிலேயே எல்லார் காதிலும் விழும்படி, "உனக்கு ஆட்டம் முடிஞ்சுதுப்பா, வேற வேலை பாரு" என்றார். ஏணி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். நல்ல வேளை, அன்று குழாயில் தண்ணீர் வந்தது.

பின்னாளில் அந்த வழுக்கையின் நாற்காலியிலேயே ஏணி உட்கார்ந்தார். மேலாளர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். வியர்வை நாறும் ஜெர்சிகளைச் சலவைக்குப் போடுவது, பஸ் பிடிப்பது, நெட்டையர்கள் கால் நீட்டும்படி கட்டில் இருக்கிற விடுதியாகத் தேடி அலைவது, எல்லாம் அவர் தலையில்தான். யாரைக் கழற்றிவிடுவது என்று முதலாளியும் பயிற்சியாளரும் முடிவு செய்வார்கள். போய்ச் சொல்கிற பாவம் மட்டும் ஏணிக்கு.

வழுக்கையைப் போல ஒருநாளும் பேசுவதில்லை என்று அவர் சபதம் எடுத்திருந்தார். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். தோளில் கை போட்டு, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுப்பா, நானே கூப்பிடறேன்" என்பார். கூப்பிட மாட்டார். போன் வராது என்று அவனவன் தானே புரிந்துகொள்வான். "அவனுக்கு ஏணி அண்ணன் ரெஸ்ட் குடுத்துட்டாரு" என்றால் ஆள் காலி என்று அணியில் எல்லாருக்கும் தெரியும். ஏணி மட்டும் தன்னை இளகிய மனசுக்காரன் என்று நம்பிக்கொண்டிருந்தார். தன் பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு மனுஷன் வைத்த செல்லப் பெயர் அது.

இந்த முறை முதலாளி கைகாட்டியது ஏணியின் மச்சானை. மனைவியின் ஒரே தம்பி. அணியில் அவனைச் சேர்த்துவிட்டதே ஏணிதான். வேகம் குறைந்துவிட்டது, கணுக்கால் வேறு பிசகியிருக்கிறது, புதுப் பையன் ஒருவன் தயார் என்றார்கள். ஏணி மச்சானைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய், டீ ஆறும்வரை வானிலை பேசிவிட்டு, கடைசியில் அதே வார்த்தையைச் சொன்னார்.

"ரெஸ்ட் எடு, மாப்ள."

"சரி மாமா. கால் சரியானதும் வந்துடறேன்" என்றான் அவன். ஊருக்கெல்லாம் அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம். தனக்குச் சொன்னவர் சொந்த மாமா என்பதால், அவன் அதை ரெஸ்ட் என்றே எடுத்துக்கொண்டான்.

கணுக்காலுக்கு ஒத்தடம் கொடுத்து, மாடிப்படி ஏறி இறங்கி, உடம்பைக் கரைத்துக்கொண்டு, அடுத்த வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும் காலையில் பையோடு வந்து நின்றான். பஸ்ஸில் ஏறித் தன் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தான். எல்லாரும் போனைக் குடைந்தார்கள். புதுப் பையன் உட்கார இடமில்லாமல் நடுவில் நின்றான்.

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தார் ஏணி. வாயைத் திறந்தார். "உன் ஜெர்சி... சலவைக்குப் போயிருக்கு மாப்ள."

"பழசு வச்சிருக்கேன் மாமா" என்று சிரித்தபடி நிமிர்ந்தவன், நின்றவனின் பையைப் பார்த்தான். அதில் இவனுடைய ஜெர்சி எண். சுற்றிலும் குனிந்திருந்த தலைகளைப் பார்த்தான். கடைசியாக மாமாவைப் பார்த்தான். ஏணி ஓட்டுநர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மச்சான் எழுந்தான். "இங்க உக்காருப்பா. சீட்டு கொஞ்சம் ஆடும், பாத்துக்கோ" என்று புதியவனிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். வழியெல்லாம் ஏணிக்கு வழுக்கையின் ஞாபகம். அந்த ஆள் முகத்துக்கு நேராகவாவது சொன்னார்.

அணி ஜெயித்தது. மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்த ஏணிக்கு மனைவி தட்டு வைத்தாள்.

"தம்பி வந்திருந்தான்" என்றாள். ஏணிக்குக் கை நின்றது. "இனிமே ஆடப்போறதில்லையாம். அவனாவே விலகிட்டானாம். நீங்க எவ்வளவோ கெஞ்சினீங்களாமே? மாமா பேச்சைத் தட்டுறதுக்குத்தான் கஷ்டமா இருந்துச்சுக்கான்னு சொன்னான்."

தன் அக்காவிடம் கூட அவன் காட்டிக்கொடுக்கவில்லை. செருப்பால் அடித்திருந்தால் கூட ஏணிக்கு இப்படி வலித்திருக்காது. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அவர் "ம்" என்றார்.

அவள் இன்னொரு கரண்டி போட்டாள். "நாளைக்கு அவனைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். பக்கத்துல உக்காந்து ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குத்தான் இதமா பேச வரும்."