தொலைபேசி இலாகாவுக்கு நான் எழுதிய மூன்று முறைப்பாடுகள்

தொலைபேசி இலாகாவுக்கு நான் மூன்று முறைப்பாடுகள் எழுதினேன். மூன்றும் பொய். எழுதும்போது அது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பலாம்தான். ஆனால் கணினியைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று கொழும்பு வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிந்தவன் அப்படித் தப்புவது அழகல்ல.

யுத்த காலத்தில் எங்கள் பகுதியில் வீட்டுத் தொலைபேசிகள் அந்தந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. இரண்டாம் மாடியில் இருந்த எங்களிடம் லைன் இருந்தது. மூன்றாம் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்த ரீச்சரிடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கனடாவில் இருந்த ஒரே மகன் தாயைத் தன்னிடம் எடுக்க விண்ணப்பித்திருந்தான். அது சரிவரும் வரைக்கும், வடக்கிலிருந்து வருபவர்கள் எடுத்தே ஆகவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் ஒரு சூட்கேசுமாக ரீச்சர் கொழும்பில் காத்திருந்தார். மகன் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் லைனுக்கு எடுப்பான். எட்டே முக்காலுக்கே ரீச்சர் பவுடர் பூசி, மடிப்புக் கலையாத சேலையுடன் எங்கள் தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்தத் தொலைபேசிக்கும் சுவருக்கும் நடுவில் என் மோடம் இருந்தது. கணினி சொல்வதைத் தொலைபேசிக் கம்பியில் போகக்கூடிய சத்தமாக மாற்றும் பெட்டி. நகரின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். என்னைப் போலவே லீவு நாட்களை வீணாக்கத் தெரிந்தவர். அவருடைய கணினியும் என்னுடையதும் நேரடியாகக் கதைக்க வேண்டும் என்பது எங்கள் இலட்சியம். மனிதர்கள் கதைத்துக் கதைத்து ஒன்றும் சரிவராத நாட்டில் இயந்திரங்களாவது கதைக்கட்டுமே.

ஒரு சனிக்கிழமை, முதல் மணியிலேயே அழைப்பை எடுக்கும்படி மோடத்துக்குக் கட்டளை கொடுத்தேன். அதை மறக்காமல் வைத்திருக்கும்படி இன்னொரு கட்டளை. அதன் கீச்சல் மனைவிக்குத் தலையிடி என்பதால், வாயை மூடும்படி மூன்றாவது. கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு கடிதம் வந்து என் திரையில் விழுந்தது. இரண்டு பேரும் சந்திரனில் இறங்கியவர்கள் மாதிரி மகிழ்ந்தோம். பிறகு கணினியை அணைத்தேன். மோடமும் அதோடு தூங்கிவிடும் என்பது என் கணிப்பு. அதற்குத் தனி மின்சாரமும் தனி ஞாபகமும் இருப்பதைச் சொல்லும் பக்கம் வருவதற்கு முன்பே கையேட்டை மூடிவிட்டிருந்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தொலைபேசி "கிர்" என்று ஒரு தரம்கூட முழுதாக அடிக்காமல் நின்றது. ரீச்சர் எடுத்தார். சத்தமே இல்லை. அடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு தாயும் மகனும் கிழமைக்குப் பத்து நிமிடம் கதைப்பதற்கு ஒரு கம்பியை ஒழுங்காக வைத்திருக்க முடியாத இலாகா ஒரு இலாகாவா? ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, அலுவலக நண்பரைக் கொண்டு சிங்களத்தில் ஒன்று என்று எழுதினேன். நாங்கள் தமிழர் என்பதால்தான் எங்கள் லைனைத் திருத்துகிறீர்கள் இல்லை என்று மூன்றிலும் இருந்தது. மற்ற எத்தனையோ நாட்களுக்கும் அலுவலகங்களுக்கும் அந்த வசனம் அப்படியே பொருந்தும். அந்தக் கிழமைகளுக்கு, அந்த இலாகாவுக்கு மட்டும் பொருந்தவில்லை. அதை நினைக்கும்போது வரும் கோபம் இன்னும் ஆறவில்லை; நியாயமான ஒரு வசனத்தை நானே வீணாக்கிவிட்டேன்.

ஆளும் அனுப்பினார்கள். வந்தவர் ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்து, "லைன் எக ஹொந்தய் மஹத்தயா" என்றார். லைன் நல்லாக இருக்கிறதாம். பிறகு மோடத்தைக் காட்டி, "மேக்க கலவலா பலமுத?" என்று கேட்டார். இதைக் கழற்றிவிட்டுப் பார்ப்போமா என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்ட மனிதரிடம், அது உயர்ந்த தொழில்நுட்பம், அதில் கைவைக்க வேண்டாம் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமாகச் சீறினேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது ஞாயிறும் மணி பாதியிலேயே நின்ற பிறகு, புதன்கிழமை ரீச்சர் ஒரு போர்மைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் போவதற்கான பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப் படிவம்.

"இதை நிரப்பித் தாங்கோ தம்பி. திங்கட்கிழமை குடுக்கப்போறன்."

"லைன் பிழை ரீச்சர். மகன் எடுக்கிறார், அது இங்க வந்து அறுந்துபோகுது."

"மூண்டு கிழமையாவோ? அவனுக்கு மனமில்லை. மருமகளுக்கு என்னைக் கூப்பிட விருப்பமில்லைப் போல."

"கீழ போன் எடுக்கிற கொமினிகேசன் கடைக்குப் போய் நீங்களே ஒருக்கா எடுத்துப் பாருங்கோவன்."

"நான் எடுக்கமாட்டன். வேண்டாமெண்டுறவனுக்குப் பின்னால திரியிற வழக்கம் எனக்கில்லை."

போனால் திரும்பி வருவதற்கும் அனுமதி வேண்டும். அது கனடா விசா நேர்முகத்துக்கு முன் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. படிவத்தில் அவருடைய பெயரை மட்டும் எழுதிவிட்டு, பேனா மை முடிந்துவிட்டதாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரீச்சர் கீழேயிருந்து படியேறி வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உங்கட போனில ஆமிக்காரன் நிக்கிறானாம்."

"என்ன ரீச்சர்?"

"என்ர பிள்ளை நம்பர் தேடிக் கீழ கொமினிகேசன் கடைக்கு எடுத்தவன். ஒவ்வொரு ஞாயிறும் எடுத்திருக்கிறான். எடுத்த உடனே கத்துதாம். அந்த வீட்டில கவனமா இருங்கோ அம்மா, ஒட்டுக்கேக்கிறாங்கள் எண்டு அழாக்குறையாச் சொன்னவன்."

"எப்பிடிக் கத்துதாம்?"

ரீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கீஈஈ... கர்ர்ர்... டொய்ங் டொய்ங்."

கணக்கு ரீச்சர் அல்லவா, ஒரு சுரமும் பிசகவில்லை. அது என் மோடம். எங்கள் வீட்டில் அதன் வாயை நான் மூடியிருந்தேன்; அழைப்பை எடுத்ததும் தொலைபேசிக்குப் போகும் கம்பியை அதுவே துண்டித்துவிடும். கனடாக்காரனின் காதில் மூன்று கிழமையாகத் திறந்து விட்டிருந்தேன்.

கிழமை தவறாமல் வரும் மச்சான் மூன்று கிழமையாக வராததும், அலுவலகத்தில் இரண்டு பேர் என்னைக் கண்டால் வேறு படியால் இறங்கியதும் அப்போதுதான் விளங்கியது. அவர்களும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தொலைபேசியில் ஒரு கீச்சல் கேட்டால் இயந்திரக் கோளாறு என்று நினைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதபடி எங்களைப் பழக்கிவைத்திருந்தவர்களுக்கு நான்காவது முறைப்பாடு எழுதியிருக்க வேண்டும். எழுத எனக்கு முகம் இருக்கவில்லை.

ரீச்சரை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என் மேசையில் கிடந்த படிவத்தை எடுத்து, நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

அன்றிரவே மோடத்தைக் கழற்றிவைத்தேன். ஞாயிறு ஒன்பது மணிக்குத் தொலைபேசி முழுதாக நான்கு தரம் அடித்தது. ரீச்சர் இருபது நிமிடம் கதைத்தார். ரிசீவரை வைத்ததும், "ஆமி இல்லை, என்ர மெசின்தான் எண்டு சொன்னீங்களோ?" என்று கேட்டேன்.

"சொன்னனான்."

"என்ன சொன்னவர்?"

"ஆமியெண்டால் பரவாயில்லையாம், தம்பி. அவங்கள் கேட்டாலும் எங்களையும் கதைக்க விடுவாங்களாம்."